ப்ளீச்சிங் பவுடரை இரட்டிப்பாக்கலாமா?

கேள்வி: 60 படுக்கை மருத்துவமனை ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கவனித்துக்கொள்கிறேன். நோயாளிகளின் பரிசோதனைகளில் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் அடிக்கடி தென்படுகின்றன. ப்ளீச்சிங் பவுடரை இரட்டிப்பாகப் போட்டால் வெளியேறும் நீரில் அவை அழியுமா?

பதில்: ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் கிருமி, ப்ளீச்சிங் பவுடர் தரும் குளோரினையும் தாங்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. மருந்து, கிருமியின் உடலில் குறிப்பிட்ட ஓர் இடத்தைக் குறிவைக்கிறது; கிருமி அந்த இடத்தை மாற்றிக்கொண்டோ, மருந்தையே சிதைத்தோ தப்பிவிடுகிறது. குளோரினோ கண்ட இடத்தையெல்லாம் அரிக்கும். ஆனால் அது கிருமியைப் போய்ச் சேர வேண்டுமே!

வழியில் மடக்குவது கழிவுநீரிலுள்ள அம்மோனியா. லிட்டருக்கு 20 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், அதைத் தீர்க்கவே எடையில் 8 முதல் 10 மடங்கு குளோரின் வேண்டும். 1000 லிட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் பவுடர், அதுவும் 30 சதவீத வீரியமுள்ள புதுப் பவுடர். வாய் திறந்து கிடக்கும் மூட்டை என்றால் கணக்கே வேறு. அதற்குக் குறைவாகப் போட்டால், குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமினாகிவிடும். அது கிருமியை மெதுவாகத்தான் கொல்லும். குளோரினைச் சோதிக்கும் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வருகிறதே என்பீர்கள். குளோரமினும் மஞ்சள் காட்டும். அம்மோனியாவோடு சேராத குளோரினைக் காட்டும் டிபிடி (DPD) சோதனை மாத்திரை வாங்கி, இளஞ்சிவப்பு உடனே வருகிறதா என்று பாருங்கள்.

ஆகவே பவுடருக்குச் செலவழிப்பதைக் காற்றூட்டும் தொட்டிக்குச் செலவழியுங்கள். அம்மோனியா அங்கேயே குறைய வேண்டும். வடிகட்டிய நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். துணுக்குகள் மிதந்தால் கிருமிகள் அவற்றுக்குள் பதுங்கியிருக்கும். குளோரின் கலந்த நீர் குறைந்தது 30 நிமிடம் தொட்டியில் நிற்கட்டும். பிஎச் 8-ஐத் தாண்டக் கூடாது.

இன்னொரு சிக்கல் உண்டு. கிருமி செத்தாலும் அதன் எதிர்ப்பு மரபணு நீரில் மிஞ்சலாம். வேறொரு கிருமி அதை எடுத்துக்கொள்ளக்கூடும். புற ஊதா விளக்கும் வழக்கமான அளவில் மரபணுவை முழுதாகச் சிதைப்பதில்லை. 2011-இல் வெளியான ஆய்வில், புதுடெல்லியில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் வீரியமான ஆன்டிபயாடிக்குகளையும் முறியடிக்கும் என்டிஎம்-1 (NDM-1) என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது.

ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) வைக்காமல் சாக்கடைக்கு அனுப்பாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளும் ஆய்வகக் கழிவை அங்கேயே முன்சுத்திகரிக்கச் சொல்கின்றன. நீரிலிருந்து நீங்கும் கிருமிகளில் பெரும்பங்கு கசடில்தான் போய்ச் சேர்கிறது. அதை வளாகத்துத் தென்னைக்கு உரமாகப் போடுகிறீர்கள் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள்.