திபெத் 6.3, குவாங்டாங் 3.5: எது முன்னால் ஓடுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். சீன மாகாணங்களின் பொருளாதாரத்தை ஒப்பிட்டு ஆய்வுக்கட்டுரை கொடுக்க வேண்டும். 2024 கணக்கில் திபெத் 6.3 சதவீதம் வளர்ந்து முதலிடத்தில் இருக்கிறது, குவாங்டாங் வெறும் 3.5. இதை அப்படியே வரிசைப்படுத்தி எழுதலாமா? பத்து வருட வளர்ச்சியை எப்படிக் கணக்கிடுவது? எல்லாவற்றையும் டாலருக்கு மாற்றிவிட்டால் நல்லதா?"

வரிசைப்படுத்தலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

2024இல் திபெத்தின் மொத்த உற்பத்தி சுமார் 27,650 கோடி யுவான். குவாங்டாங்கின் உற்பத்தி 14.16 லட்சம் கோடி யுவான். இந்த அளவுள்ள மாகாணத்துக்கு 3.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 47,000 கோடி யுவான். அதாவது மந்தம் என்று நீங்கள் எழுதப்போகிற குவாங்டாங் அந்த ஒரே வருடத்தில் கூட்டிக்கொண்டது திபெத்தின் மொத்தப் பொருளாதாரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். திபெத் சின்னது, மக்கள்தொகை 40 லட்சத்தைக்கூடத் தொடவில்லை, பெய்ஜிங்கிலிருந்து வரும் பணத்தில் ஒரு பெரிய சாலையோ அணையோ போட்டாலே சதவீதம் துள்ளிக் குதிக்கும். அதற்காக வளர்ச்சி வீதம் பொய் என்று சொல்லவில்லை. அதை வைத்து யாரை யாரோடு நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குவாங்டாங்குக்குச் சரியான ஜோடி ஜியாங்சு. இரண்டுமே கடலோரம், ஏற்றுமதி, தொழிற்சாலை என்று ஒரே சாயல். 1989 முதல் முதலிடத்தை விடாமல் வைத்திருப்பது குவாங்டாங். ஆனால் 2024இல் ஜியாங்சு 5.8 சதவீதம் வளர்ந்து 13.7 லட்சம் கோடியைத் தொட்டுவிட்டது, இடைவெளி 50,000 கோடி யுவானுக்கும் கீழே. இங்கே 3.5க்கும் 5.8க்கும் உள்ள வித்தியாசம் நிஜமாகவே பேசுகிறது. அப்புறம் ஆள்கணக்கைக் கொண்டுவாருங்கள்: குவாங்டாங்கில் சுமார் 12.7 கோடிப் பேர், ஜியாங்சுவில் 8.5 கோடி. 2023இல் தனிநபர் உற்பத்தி ஜியாங்சுவில் ஏறத்தாழ 1.5 லட்சம் யுவான், குவாங்டாங்கில் 1.07 லட்சம். மொத்தத்தில் முதலிடத்தில் இருப்பது தலைக்கணக்கில் ஜியாங்சுவுக்குப் பின்னால் நிற்கிறது. ஏன் என்று கேட்டால், ஷென்சென் என்ற ஒரே நகரம் மாகாண உற்பத்தியில் கால் பங்கு. அதே மாகாணத்தின் வடகிழக்கில் உள்ள மெய்சோ நகரத்தின் தனிநபர் உற்பத்தியோ, சீனாவின் கடைசி வரிசை மாகாணமான கான்சுவின் சராசரியைவிடக் குறைவு. ஒரு மாகாணத்துக்குள்ளேயே இவ்வளவு. என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரைக்கு 31 மாகாணப் பட்டியலைவிட இந்த ஒரு ஜோடியே போதும், ஆனால் வழிகாட்டி பட்டியல்தான் கேட்பார், தெரியும்.

பட்டியல் போட்டே ஆகவேண்டும் என்றால், பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின், சோங்சிங் நான்கும் மாகாண அந்தஸ்துள்ள மாநகரங்கள் என்பதை மறக்க வேண்டாம். 2023இல் பெய்ஜிங்கின் தனிநபர் உற்பத்தி 2 லட்சம் யுவான், கான்சுவில் 50,000கூட இல்லை என்று எழுதினால் அது ஒரு நகரத்தை ஒரு முழு மாகாணத்தோடு நிறுத்திப் பார்ப்பதுதான். சோங்சிங் மட்டும் விதிவிலக்கு. பெயர் மாநகரம், உள்ளே கிராமமும் மலையுமாகச் சுமார் 3.2 கோடிப் பேர், நடைமுறையில் அது ஒரு மாகாணம்.

தனிநபர் உற்பத்தியை மக்களின் வசதி என்று படிக்கிறார்களே, அதுதான் அடுத்த பள்ளம். 2023இல் உள் மங்கோலியாவின் தனிநபர் உற்பத்தி சுமார் 1.03 லட்சம் யுவான், கிட்டத்தட்ட குவாங்டாங்குக்குச் சமம். அதே வருடம் வீட்டுக்கு வந்து சேர்ந்த செலவழிக்கத்தக்க வருமானம், தலைக்கு, குவாங்டாங்கில் 49,000 யுவானுக்கும் மேல், உள் மங்கோலியாவில் 38,000. மண்ணிலிருந்து நிலக்கரி வெளியே போகிறது, அதன் லாபத்தில் பெரும்பகுதி நிறுவனங்களுக்கும் அரசுக்கும் போகிறது. வாழ்க்கைத்தரம் பற்றி ஒரு வரி எழுதுவதானாலும் இந்த இரண்டாவது எண்ணைத்தான் எடுங்கள்.

வகுக்கும் எண்ணும் ஏமாற்றும். ஹெய்லோங்சியாங்கில் 2010 கணக்கெடுப்பில் 3.83 கோடிப் பேர், 2020இல் 3.19 கோடி. உற்பத்தி ஒரு யுவான்கூட ஏறாமல் இருந்தாலே தனிநபர் கணக்கு 20 சதவீதம் ஏறிவிடும். ஊரைவிட்டு ஆள் போனதை வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.

இனி பத்து வருடக் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள், எக்செல்லில் 2014 எண்ணையும் 2024 எண்ணையும் எடுத்து வகுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த எண்கள் நடப்பு விலையில், அதாவது அந்தந்த வருட விலையிலேயே இருக்கின்றன. தையுவானைத் தலைநகராகக் கொண்ட ஷான்சியைப் பாருங்கள்: 2021இல் நடப்பு விலையில் உற்பத்தி கால் பங்குக்கும் மேல் ஏறியது, நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், வளர்ச்சி 9.1 சதவீதம்தான். மிச்சம் நிலக்கரி விலை. (தமிழில் ஷான்சி என்று இரண்டு மாகாணங்கள் வந்துவிடும், இன்னொன்றின் தலைநகர் சியான். தலைநகரைச் சேர்த்து எழுதாவிட்டால் நீங்களே குழம்புவீர்கள்.)

இரண்டாவது ஆபத்து, பழைய எண்களே மாறிவிடும். 2018க்கு ஷான்டாங் முதலில் சொன்னது 7.65 லட்சம் கோடி யுவான். பொருளாதாரக் கணக்கெடுப்புக்குப் பிறகு அது சுமார் 6.67 ஆனது. 2019க்கு வெளியானது 7.11. பழைய 2018க்குப் பக்கத்தில் புதிய 2019ஐ வைத்தால் மாகாணம் 7 சதவீதம் சுருங்கியதாகத் தெரியும், உண்மையில் அறிவித்த வளர்ச்சி 5.5 சதவீதம். தியான்ஜினில் இன்னும் மோசம், 1.88 லட்சம் கோடி 1.34க்கு இறங்கியது. அடுத்த கணக்கெடுப்பு 2023க்கு எடுக்கப்பட்டு, அந்த எண்களும் திருத்தப்பட்டுவிட்டன. ஆகவே எல்லா வருடத்தையும் ஒரே நாளில், தேசியப் புள்ளிவிவரச் செயலகத்தின் ஒரே தரவுத்தளத்திலிருந்து இறக்குங்கள். பழைய ஆண்டறிக்கையிலிருந்து பாதி, புதியதிலிருந்து பாதி என்று ஒட்டவே கூடாது.

சரி, நிலையான விலையில் எப்படிப் போடுவது? முந்தைய ஆண்டு 100 என்று வரும் குறியீட்டு வரிசையை எடுத்து ஒன்றோடொன்று பெருக்குங்கள். ஹூபேயை வைத்துச் செய்து பார்க்கலாம். 2020இல் மைனஸ் 5.0, 2021இல் பிளஸ் 12.9, அதாவது குறியீடு 95, பிறகு 112.9. 12.9ஐ மட்டும் பார்த்தால் பிரமாதம். 0.95ஐ 1.129ஆல் பெருக்கினால் 1.0725, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 7.25 சதவீதம், வருடத்துக்கு 3.6கூட வரவில்லை. அதே இரண்டு வருடத்தில் நாட்டின் சராசரி 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கோவிட் வருடத்தைத் தொட்டு எந்த ஒப்பீடு செய்தாலும் இப்படி இரண்டு வருடத்தைச் சேர்த்தே பாருங்கள்.

இந்த எண்களை நம்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, தேர்வாளர் கேட்பார். லியாவோனிங் மாகாணம் 2011 முதல் 2014 வரை நிதிக் கணக்குகளில் பொய் சேர்ந்திருந்ததை 2017 ஜனவரியில் ஆளுநர் வாயாலேயே ஒப்புக்கொண்டது. மறுவருடம் தியான்ஜினின் பின்ஹாய் பகுதி, தன் 2016 உற்பத்தியை 1 லட்சம் கோடி யுவானிலிருந்து சுமார் 66,500 கோடிக்கு இறக்கியது. பின்னாளில் பிரதமரான லீ கெச்சியாங், 2007இல் லியாவோனிங்கின் கட்சிச் செயலாளராக இருந்தபோது, மின்சார நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும்தான் பார்ப்பதாக அமெரிக்கத் தூதரிடம் சொன்னது கசிந்த தந்தி ஒன்றில் இருக்கிறது. 2019 கணக்கிலிருந்து மாகாண உற்பத்தியைத் தேசியச் செயலகமே ஒருங்கிணைத்துக் கணக்கிடுகிறது, அதனால் முன்பு போல மாகாணங்களைக் கூட்டினால் நாட்டை மிஞ்சும் கூத்து குறைந்துவிட்டது. மின்சாரத்தை நீங்களும் ஒரு சரிபார்ப்பாகச் சேர்க்கலாம், ஆனால் எஃகும் நிலக்கரியும் உள்ள மாகாணங்களுக்கு மட்டும். சேவைத் தொழிலில் ஓடும் பெய்ஜிங்குக்கு அது ஒன்றும் சொல்லாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: டாலருக்கு மாற்ற வேண்டாம். குவாங்டாங் 2021இல் 12.44 லட்சம் கோடி யுவான், 2023இல் 13.57, இரண்டுமே அந்தந்தச் சமயத்தில் வெளியான எண்கள். 2021இல் சராசரி மாற்று வீதம் டாலருக்கு 6.45 யுவான், 2023இல் 7.05. வகுத்துப் பாருங்கள், இரண்டு வருடமும் 1.93 லட்சம் கோடி டாலர் பக்கம்தான் வரும். யுவான் இறங்கியதால் இரண்டு வருட வளர்ச்சி காணாமல் போய்விட்டது. மாகாணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட யுவானே போதும், வெளிநாட்டோடு ஒப்பிடும் ஒரு பத்தி இருந்தால் அங்கே மட்டும், எந்த வருட வீதம் என்று சொல்லி, மாற்றுங்கள்.

இன்னொன்று, சீன அட்டவணைகளின் அலகு "யி யுவான்", ஒரு யி என்பது 10 கோடி. குவாங்டாங்குக்கு நேரே 1,41,633.81 என்று இருக்கும், அதைக் கோடி என்று படித்தால் ஒரு பூஜ்ஜியம் போச்சு. நான் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து போட்ட அட்டவணையை இந்த ஒரு பூஜ்ஜியத்துக்காகக் காலையில் மறுபடி போட்டிருக்கிறேன்.