டிசி வாங்கிடலாமான்னு கேட்ட காவேரிப்பட்டணம் அண்ணாவுக்கு

அண்ணா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன், பின்னாடி உங்க பொண்ணு, நம்ம பாப்பா, அழுவுறதும் கேட்டுச்சு. பிஏஎஸ்எல்பி, அதாவது பேச்சு, செவித்திறன் சம்பந்தமான பட்டப்படிப்புல சேர்ந்து நாலு மாசம் ஆவுது, அனாட்டமி இன்டர்னல்ல 50-க்கு 11, மூளையிலேருந்து கிளம்பற மண்டை நரம்பு 12-ம் தலையிலயே ஏறல, எனக்கு இது செட் ஆவாது, டிசி வாங்கிக் குடுங்க திரும்ப நீட் எழுதுறேன்னு அடம் பிடிக்குது. அதானே விஷயம்?

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நானும் பிசியோ படிச்சிட்டுத்தான் இந்த ஆலோசனை வேலைக்கு வந்தேன், இதே மண்டை நரம்புல, இங்கிலீஷ்ல கிரேனியல் நெர்வ், அரியர் வச்சவதான். அதனால பாப்பா மேல எனக்குக் கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா நீட் எழுதி எம்பிபிஎஸ் சீட்டே கிடைச்சிடுச்சுன்னு வைங்க, முதல் வருஷமே இதே 12 நரம்பும் இன்னும் பெருசா வந்து முன்னாடி நிக்கும். பிடிஎஸ் போனாலும் இதான், பிசியோ போனாலும் இதான், கண்ணு சம்பந்தமா ஆப்டோமெட்ரி போனாலும் 2, 3, 4, 6-ஆம் நரம்பு விடாது. பேய்க்குப் பயந்து சுடுகாட்டுலயே குடி போற மாதிரி இருக்குண்ணா இது. டாக்டர் ஆவணும்னு உள்ளுக்குள்ள நெஜமாவே ஆசை இருந்து நீட் எழுதுனா அது வேற பேச்சு, தாராளமா பேசலாம். நரம்புக்குப் பயந்து எழுதறதுன்னா வேணாம்.

பாப்பா எப்படி படிக்குதுன்னு போன்ல கேட்டேன். 12 நரம்போட பேருக்கும் முதல் எழுத்தை வச்சு ஒரு இங்கிலீஷ் வாக்கியம் இருக்கே, அதை ஒப்பிக்குது. டிரிக்லியர் டிராக்லியர்னு பேரு கூட வாயில கொழம்புது, அதுக்கு மேல எந்த ஓட்டை வழியா வெளிய வருது, எந்த தசைக்குப் போவுதுன்னு எல்லாத்தையும் அட்டவணையா போட்டு உருப்போடுது, தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்த புள்ள, லத்தீன் பேரெல்லாம் சும்மா சத்தமாத்தான் கேக்கும். அர்த்தம் தெரிஞ்சா பாதி பயம் போயிரும்ணா. ட்ராக்ளியர்னா கப்பி, நம்ம கிணத்து ராட்டினம். கண்ணுக்கு மேல ஒரு தசை நெஜமாவே ஒரு சின்ன கப்பி வழியா வளைஞ்சு போய் கண்ணை இழுக்குது, 4-ஆம் நரம்பு அந்த ஒரு தசைக்கு மட்டும்தான். ட்ரைஜெமினல்னா ஒரே பிரசவத்துல மூணு புள்ள, மூணு கிளையா பிரிஞ்சு நெத்தி, கன்னம், தாடைன்னு போறதால அந்தப் பேரு. ஹைப்போகிளாசல்னா நாக்குக்கு அடியில. 10-ஆம் நரம்பு வேகஸ், அப்படின்னா நாடோடி.

அந்த நாடோடிக் கதைய மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன், நீங்களே பாப்பாவுக்கு சொல்லிக் குடுக்கலாம். கிருஷ்ணகிரிதான் மூளை, உங்க காவேரிப்பட்டணம்தான் குரல்வளைன்னு வச்சிக்கோங்க. பத்து கிலோமீட்டர் போனா வேலை முடிஞ்சிது. ஆனா 10-ஆம் நரம்போட ஒரு கிளை, குரல் நாணை அசைக்கிற முக்கியமான கிளை, காவேரிப்பட்டணத்துல எறங்காம பைபாஸ்ல நேரா போயிருது. இடது பக்கத்து கிளை தர்மபுரி வரைக்கும் போய், அதாவது நெஞ்சுக்குள்ள மகாதமனி, இதயத்துலேருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய், அதோட வளைவுக்கு அடியில ஒரு சுத்து சுத்தி, திரும்ப மேல ஏறி குரல்வளைக்கு வருது. வலது பக்கத்துது அவ்ளோ தூரம் போவாது, காரிமங்கலத்துலயே யூ டர்ன் அடிச்ச மாதிரி கழுத்துக்கு அடியில இருக்கற, கைக்கு ரத்தம் கொண்டு போற சப்கிளேவியன் தமனியை சுத்தி வந்துரும். இப்ப ஒருத்தருக்கு தொண்டையில ஒண்ணுமே இல்ல, ஆனா குரல் மட்டும் கரகரன்னு மாசக்கணக்குல மாறிப் போச்சுன்னா, டாக்டர் ஏன் நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொல்றாருன்னு புரியுதுங்களா? தர்மபுரியில ரோடு அடைச்சா காவேரிப்பட்டணத்துக்கு பஸ் வராது. தைராய்டு ஆபரேஷன் பண்றப்ப சர்ஜன் இந்த நரம்பைத் தேடித் தேடி பத்திரமா ஒதுக்குறதும் இதுக்குத்தான்.

சரி, இதுக்கும் பாப்பா படிப்புக்கும் என்ன சம்பந்தம்னா, அந்தக் குரல் போனவர் கடைசியில வந்து உக்கார்றது ஸ்பீச் தெரபிஸ்ட் முன்னாடிதான். 12-ல 6 நரம்பு, 5, 7, 8, 9, 10, 12, இந்த ஆறும்தான் பாப்பாவுக்கு நாளைக்கு சோறு போடப்போறது. பக்கவாதம் வந்தவங்களை வீட்டுல பாத்திருப்பீங்க, கஞ்சி ஊத்துனா புரை ஏறும், நாமளும் தலையில தட்டி விட்டுருவோம், ஆனா அந்தக் கஞ்சி நுரையீரலுக்குப் போயி நிமோனியா வந்து உசுருக்கே ஆபத்தாவும். மெல்றதுக்கு 5, உதடு மூடறதுக்கு 7, முழுங்கறதுக்கு 9-ம் 10-ம், நாக்கு தள்றதுக்கு 12. எது வேலை செய்யுது எது செய்யலன்னு பாத்து, இவருக்கு தண்ணியா குடுக்கலாமா கெட்டியா குடுக்கலாமான்னு சொல்றதும் இந்தப் படிப்புக்காரங்கதான். இது நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, திக்குவாய்க்கு மட்டும்னு நெனச்சிட்டு இருக்காங்க.

காது பக்கம் பாருங்க, 7-ம் 8-ம் ஒரே ஓட்டைக்குள்ள ஜோடியா போவுது. பெருத்த சத்தம் கேட்டா 8 மூளைக்கு சொல்லும், மூளை 7 வழியா காதுக்குள்ள இருக்கற குட்டி தசையை இறுக்கச் சொல்லும். செவித்திறன் சோதிக்கற ஆடியாலஜிஸ்ட், பாப்பா படிக்கறது இதுக்கும்தான், இதையே ஒரு டெஸ்ட்டா எடுப்பாங்க, ஒரே டெஸ்ட்ல ரெண்டு நரம்பையும் தொட்டுப் பாத்த மாதிரி. ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மந்தமானா 8-ஆம் நரம்புல கட்டி இருக்குமோன்னு சந்தேகப்பட்டு டாக்டருக்கு அனுப்பறதும் பல நேரம் இவங்கதான்.

பாப்பாவை அந்த அட்டவணையை ஓரமா வைக்கச் சொல்லுங்க. ஒரு நரம்பு அறுந்தா என்ன ஆவும்ங்கறதுல ஆரம்பிச்சு பின்னாடி போவட்டும். வீட்டுல ஆளுங்கதான் இருக்கீங்களே, புருவத்தைத் தூக்கச் சொல்லி, கண்ணை இறுக்கி மூடச் சொல்லி, கன்னத்தை உப்பச் சொல்லி பாத்தா 7 முடிஞ்சிது. முகம் ஒரு பக்கமா கோணிக்கிச்சுன்னு வர்றவங்கள்ல நெத்தியும் சேர்ந்து சுருங்கலன்னா பெரும்பாலும் 7-ஆம் நரம்புலயே கோளாறு, நெத்தி நல்லா சுருங்கி வாய் மட்டும் கோணுச்சுன்னா மூளையில ஸ்ட்ரோக்கா இருக்கலாம். ஆனா இது பரீட்சைக்குப் படிக்கத்தான்ணா, வீட்டுல யாருக்காச்சும் திடீர்னு வாய் கோணுனா நெத்தியெல்லாம் பாத்துட்டு நிக்காதீங்க, காத்து அடிச்சிருச்சுன்னு பச்சிலை கட்டாதீங்க, அந்த நிமிஷமே 108-க்கு அடிங்க. அப்புறம் ஒரு குசும்பான கேள்வி இருக்கு, வைவால, அதான் நேர்ல வாய்மொழியா கேக்கற பரீட்சையில, கட்டாயம் வரும்: நாக்கை நீட்டுனா கெட்டுப்போன பக்கம் சாயும், ஆ சொல்லச் சொன்னா உள்நாக்கு நல்ல பக்கம் போவும். நாக்கை நல்ல பக்கத்து தசை முன்னாடி தள்ளுது, அண்ணத்தை நல்ல பக்கத்து தசை தன் பக்கமா மேல இழுக்குது, அவ்ளோதான்.

வேலையைப் பத்தி ஒளிக்காம சொல்றேன். படிப்பு நாலு வருஷம், கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப், முடிச்சதும் ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ணாதான் தொழில் பண்ண முடியும், அதனால காலேஜுக்கு ஆர்சிஐ அனுமதி இருக்கான்னு இன்னைக்கே பாத்துக்கோங்க, நரம்பை விட இதுதான் எனக்குக் கவலை. ஆரம்ப சம்பளம் நம்ம பக்கம் கம்மிதான், நெறைய பேரு பெங்களூர் போயிடறாங்க, சில காது மிஷின் கடைங்கள்ல படிச்ச படிப்பை விட்டுட்டு மாசத்துக்கு இத்தனை மிஷின் வித்தாவணும்னு கழுத்துல உக்காருவாங்க, அதுவும் உண்டு. ஆனா பொறந்த கொழந்தைங்களுக்குக் காது டெஸ்ட், காது கேக்கறதுக்கு ஆபரேஷன் பண்ணி உள்ள காக்ளியர் இம்பிளான்ட் கருவி வச்ச கொழந்தைங்களுக்குப் பயிற்சி, கொழந்தைங்க குறைபாட்டை சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவற மாவட்ட அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையம், ஓசூர் ஃபேக்டரில சத்தத்துலயே நிக்கறவங்களுக்கு செவித்திறன் சோதனைன்னு தேவை இருக்கு. மேல படிக்கணும்னா 1965-லேருந்து இருக்கற மைசூர் அகில இந்திய பேச்சு செவித்திறன் நிறுவனம் இருக்கு, நம்ம ஊர்லேருந்து ஒண்ணும் கடல் தாண்டற தூரம் இல்ல.

டிசி கேட்டு லெட்டர் எதுவும் இப்ப எழுதாதீங்க. அடுத்த இன்டர்னல் முடியட்டும், அதுலயும் இதே மார்க்னா அப்ப உக்காந்து வேற வழி பேசுவோம், நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, நோட்டு மட்டும் போதும், கூடவே ஒரு டார்ச் லைட்டு. முதல்ல உங்க வாயைத்தான் தொறந்து ஆ சொல்லச் சொல்லப்போறேன்.