மிக்ஸ்டு மீடியா (பலவகைப் பொருட்களைச் சேர்த்துத் தீட்டும்) ஓவியத்தில் அக்ரிலிக் இங்க்கோடு ஃப்ளோரசன்ட் நிறங்களைச் சேர்க்கலாமா? மங்கிவிடாதா?

சேர்க்கலாம், மங்கவும் செய்யும். இரண்டும் ஒரே மாதிரிக் குப்பிகளில் விற்கப்பட்டாலும் அவற்றின் குணம் வேறு. அக்ரிலிக் இங்க் என்பது பெரும்பாலும் நுண்ணிய நிறமியை நீர்த்த அக்ரிலிக் பால்மத்தில் (எமல்ஷனில்) கலந்தது. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. ஃப்ளோரசன்ட் நிறத்தில் இருப்பதோ, பிசினில் கரைத்து இறுகவைத்துப் பொடியாக்கிய சாயம். அது புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ திருப்பி வெளியிடுவதால்தான் சுற்றியுள்ள எதையும்விடப் பளிச்சென்று தெரிகிறது.

இந்த நிறங்கள் ஒளி ஊடுருவக்கூடியவை என்பதால் அடியில் வெள்ளை இருக்க வேண்டும். கறுத்த பரப்பின் மேல் வேண்டுமானால் முதலில் டைட்டானியம் வெள்ளையைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் போடுங்கள். அதே வெள்ளையை ஃப்ளோரசன்ட்டோடு கலக்காதீர்கள்; அது புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும், நிறமும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். கறுப்பு ஒரு சொட்டு கலந்தாலும் ஒளிர்வு செத்துவிடும்.

நான் பெரிதும் விரும்பும் முறை ஒன்று உண்டு. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளில் ஃப்ளோரசன்ட் இளஞ்சிவப்பை மெல்லிய பூச்சாகப் பரப்பிக் காயவிட்டு, அதன் மேல் கிழித்த டிஷ்யூ தாளை மேட் மீடியத்தால் (பளபளப்பில்லாமல் காயும் நிறமற்ற அக்ரிலிக் கலவையால்) ஒட்டுவேன். மீடியத்தில் நனைந்த டிஷ்யூ கண்ணாடிபோல் ஆகிவிடுவதால் இளஞ்சிவப்பு உள்ளிருந்து கசிந்து தெரியும். சுருக்கங்கள் விழுந்த இடத்தில் மட்டும் சற்று அடங்கும். அதன் மேல் தொட்டெழுதும் பேனாவால் இண்டிகோ இங்க்கில் கோடுகளை இழுத்து, காய்ந்ததும் சாம்பல் நிற வாட்டர்கலரை ஓட்டினால், கோடு கலையாமல் நிற்கும். சாம்பலுக்கு இடையே விட்ட சிறு இடைவெளிகளில் இளஞ்சிவப்பு எரியும். தாள் முழுவதும் ஃப்ளோரசன்ட்டாக இருந்தால் எதுவும் எரிவதாகத் தோன்றாது என்பது என் கருத்து.

ஆயில் பேஸ்டலை, அதாவது எண்ணெய் கலந்த வண்ணக்குச்சியை, கடைசியில் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பரப்பின் மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது. இங்க் உருண்டு விலகும் அந்தத் தோற்றத்தையே விரும்பி, மழைக்கோடு போன்றவற்றுக்கு மட்டும் பேஸ்டலை முதலில் போடுவோர் உண்டு. ஃபவுண்டன் பேனாவில் இந்த இங்க்கை ஊற்றவே கூடாது. உள்ளே காய்ந்தால் பேனா போயிற்று.

மங்குவது பற்றி: 1960களில் அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா டே-குளோ என்ற பிராண்டின் ஃப்ளோரசன்ட் நிறங்களில் பெரிய கேன்வாஸ்களைத் தீட்டினார். அந்தக் காலத்து ஃப்ளோரசன்ட் ஓவியங்களைக் காப்பது இன்றும் அருங்காட்சியகங்களுக்குத் தலைவலிதான். புற ஊதாவைத் தடுக்கும் வார்னிஷ் மங்கலைத் தாமதப்படுத்தும், கூடவே ஒளிர்வையும் ஓரளவு குறைக்கும். விற்கும் ஓவியமானால், எளிதில் மங்காத நிறமியான குவினாக்ரிடோன் மெஜந்தாவை வெளிறிய பூச்சாக அடியில் போட்டு அதன் மேல் ஃப்ளோரசன்ட்டை ஏற்றுகிறேன். பளிச்சிடல் சிறிது குறைந்தாலும், சாயம் போனபின் வெற்றிடம் மிஞ்சாது. ஜன்னல் வெயில் படாமல் மாட்டும்படி வாங்குபவரிடமும் சொல்லிவிடுவேன்.

பிரிண்ட் எடுத்து விற்கும் எண்ணம் இருந்தால், வழக்கமான நான்கு வண்ண அச்சில் இந்த நிறம் வராது, செல்போன் படத்திலும் சரியாக விழாது. தனி ஃப்ளோரசன்ட் மை கொண்டு அச்சிடும் ரிசோகிராஃப் அல்லது ஸ்கிரீன் பிரிண்டிங் அச்சகத்தைத் தேடுங்கள்.