செல் சாகத்தான் வேண்டும்: டி.பி.53 மரபணு, கேள்வி பதில்

(பதில் சொல்பவர், பாளையங்கோட்டையில் பல வருடம் விலங்கியல் நடத்தியவர்.)

அம்பாசமுத்திரம், பிளஸ் டூ மாணவர்: சார், செல் தானாகவே சாகும் என்கிறார்களே, எப்படி?

தம்பி, நடவு வயலில் தலைப்பிரட்டை பார்த்திருப்பாய். தவளையானதும் அந்த வால் எங்கே போகிறது? வால் செல்கள் முறைப்படி செத்து, உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. இப்படிச் சாவதற்கு 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். வாலுக்குச் சாவு சொல்வது தைராய்டு ஹார்மோன். டி.என்.ஏ. பழுதான நம் செல்லுக்குச் சொல்வது பி53 புரதம். அதற்கான மரபணு டி.பி.53, 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 393 அமினோ அமிலம் கோத்த இந்தப் புரதத்துக்கு வேலை உட்கருவுக்குள்.

சாதாரண நாளில் எம்.டி.எம்.2 என்ற புரதம் இதைச் சேரவிடாமல் அழித்துக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ. அடிபட்டால் அந்தப் பிடி தளர்ந்து பி53 பெருகும். முதலில் செல் பிரிவதை நிறுத்தும். பழுது பார்க்க அவகாசம் தரும். பழுது மிஞ்சிவிட்டால், செல்லைச் சாகவைக்கும் பேக்ஸ், பியூமா மரபணுக்களை முடுக்கிவிடும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும். அதனால் விழிக்கும் காஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே அறுத்துப்போடும். எனக்கு இன்றைக்கும் வியப்புத் தீராத இடம் இது.

திருநெல்வேலி டவுன்: நம்ம காந்திமதி யானை நினைப்புல கேக்கேன். அவ்வளவு பெரிய உடம்பு, யானைக்குப் புற்று வராதா?

அபூர்வம். நமக்குத் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று. யானைக்கு இதே மரபணுவின் நகல்கள் தாய்வழி 20, தகப்பன்வழி 20 இருப்பதாக 2015இல் கண்டார்கள். அதனால் பழுதான செல் புற்றாகப் பெருகுமுன் செத்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள்.

முக்கூடல், பீடி சுற்றும் பெண்: அண்ணாச்சி, எங்க வீட்டுல அவிய தினமும் ஒரு கட்டு பீடி குடிக்காவ. இந்த மரபணு கெடுமா?

கெடும் தாயி. புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நச்சு உடம்புக்குள் உருமாறி டி.என்.ஏ.யில் ஒட்டும். நுரையீரல் புற்றில் பி53 அடிக்கடி பழுதாகும் 157, 248, 273ஆம் இடங்களிலேயே அது ஒட்டுவதை 1996இல் காட்டினார்கள். பி53 கெட்டால் சாக வேண்டிய செல் சாகாது, பெருகும். மனித புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் கெட்டிருப்பது இதுதான். அவரை இன்றைக்கே விடச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில், விவசாயி: பூசணம் பிடிச்ச கடலைய வறுத்துத் தின்னா சரியாப் போகுமா?

போகாது. அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு வறுத்தாலும் முழுசாக அழியாது. கல்லீரலில் பி53இன் 249ஆம் இடத்தைப் பிடித்துக் கெடுக்கும். கடலையை நன்றாகக் காயவைத்தபின் மூட்டை கட்டுங்கள். பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் வைக்காதீர்கள், அண்ணாச்சி, பாலில் இறங்கிவிடும்.