எஸ்தோனியா 1934: சதி என்று எழுதலாமா?

வணக்கம். எஸ்தோனிய விடுதலைப் போர் வீரர் சங்கம் (முன்னாள் போர்வீரர்கள் தொடங்கிய அரசியல் இயக்கம்) 1934 மார்ச்சில் ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்தது என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படியே எழுதாதீர்கள். அது சங்கத்தினரைக் கைது செய்த அரசு சொன்ன காரணம்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சங்கம் முன்வைத்த அரசியல் சட்டத்துக்கு 1933 அக்டோபர் வாக்கெடுப்பில் 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் நாட்டுத் தலைவர் தேர்தல் வரவிருந்தது. ஜெயிக்கும் நிலையில் இருந்தவர்கள் எதற்கு அவசரப்படவேண்டும்? மார்ச் 12 அன்று அப்போதைய அரசின் தலைவர் பாட்ஸ் நெருக்கடி நிலையை அறிவித்தார், ஜெனரல் லைடோனர் படைத் தளபதியானார், சங்கத்தினர் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். இந்த இருவருமே அந்தத் தேர்தலில் சங்கத்தின் வேட்பாளரான லார்காவை எதிர்த்து நின்ற வேட்பாளர்கள்! இதைக் கட்டாயம் சேருங்கள், இல்லாவிட்டால் கட்டுரைக்கு உயிரே இருக்காது.

அதற்காகச் சங்கத்தை உத்தமர்களாக்கவும் வேண்டாம். சீருடை, கைநீட்டி வணக்கம், கட்சிகள் மீது வசை எல்லாம் அவர்களிடம் இருந்தன.

அப்புறம், 1935 டிசம்பர் தனிக் கதை. அப்போது சங்கத்தினரிடம் உண்மையிலேயே ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டம் இருந்தது. அரசியல் போலீஸ் முந்திக்கொண்டு பிடித்தது. அதை 1934க்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள்.