முதல் யுகத்து அரக்கரை மூன்றாம் யுகத்துக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: நண்பர்கள் நால்வருக்கு லோர்மாஸ்டராக (கதையை நடத்துபவராக) இருந்து, டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ உலகத்தில் நடக்கும் ‘தி ஒன் ரிங்’ ரோல்பிளேயிங் ஆட்டத்தை நடத்தி வருகிறேன். எங்கள் கேம்பெய்ன் (பல அமர்வுகளாக நீளும் தொடர்கதை) மூன்றாம் யுகத்தின் 2965-ஆம் ஆண்டில், எரியடோர் நிலத்தில் நடக்கிறது. ஆர்க்குகளும் ட்ரோல்களும் எல்லோருக்கும் அலுத்துவிட்டன. முதல் யுகத்தைச் சேர்ந்த நெருப்புப் பூதமான பால்ரோக் ஒன்றை வடக்கு மலைகளில் எழுப்பலாம் என்று நினைக்கிறேன். மூல நூல்களை ஊன்றிப் படித்த நண்பர் ஒருவரோ, “அப்படி ஒன்று இருந்திருந்தால் வரலாற்றில் வந்திருக்காதா? நாம் அதைக் கொன்றுவிட்டால் பிறகு வரும் கதை என்ன ஆவது?” என்று தடுக்கிறார். பழங்கால அரக்கர்களைப் பிற்காலக் கேம்பெய்னுக்குக் கொண்டுவருவது முறையா? முறையென்றால் எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முறைதான். டோல்கீனே அதைச் செய்திருக்கிறார் என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பால்ரோக்கைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கும்படி கேட்டுக்கொள்வேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பரின் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

முதலில் கால இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் யுகத்தின் பெருந்தீயவனான மோர்கோத் வீழ்ந்து அந்த யுகம் முடிந்த பிறகு, இரண்டாம் யுகம் 3441 ஆண்டுகள் நீடித்தது. அதன்மேல் உங்கள் 2965-ஐச் சேர்த்தால் 6406 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலம் ஓர் அரக்கன் எங்கே இருந்தான், எதை உண்டான், ஏன் வெளியே வரவில்லை, இப்போது மட்டும் ஏன் வருகிறான் என்ற கேள்விகளுக்கு லோர்மாஸ்டரிடம் விடை இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் கேட்காவிட்டாலும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த விடையிலிருந்துதான் அரக்கனின் குணமும், அவன் விட்டுச்செல்லும் தடயங்களும், அவனை வெல்லும் வழியும் பிறக்கின்றன. விடை இல்லாத அரக்கன், பெயர் மட்டும் பெரிதாக உள்ள இன்னொரு ட்ரோல்தான். உங்கள் நண்பர்கள் அவனிடமும் விரைவில் அலுத்துப்போவார்கள்.

டோல்கீன் பழைய தீமையைப் பிற்காலத்துக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை நேர்மையாகத் தீர்த்திருக்கிறார். மோரியாவின் பால்ரோக், மோர்கோத்தை வீழ்த்திய போரிலிருந்து தப்பி, மலையின் வேர்களுக்கடியில் ஒளிந்துகொண்டது. மித்ரில் என்ற அரிய உலோகத்தைத் தேடி ஆழமாகத் தோண்டிய குள்ளர்கள் மூன்றாம் யுகத்தின் 1980-இல் அதைக் கிளப்பிவிட்டார்கள். அவர்களுடைய அரசன் ஆறாம் துரினை அது கொன்றது. ஷெலோப்பின் கதை வேறு. முதல் யுகத்தின் பெருஞ்சிலந்தியான உங்கோலியந்த் மூன்றாம் யுகத்தில் தலைகாட்டுவதில்லை. அவளுடைய கடைசிப் பிள்ளைதான் மோர்தோர் எல்லை மலைகளில் குடியிருக்கிறாள். டிராகன்களோ தலைமுறைதோறும் சிறுத்துவிட்டன. மோர்கோத்தின் கோட்டைக்கு மேலிருந்த தாங்கோரோத்ரிம் சிகரங்களை உடைத்துக்கொண்டு விழுந்த அங்கலகோனோடு ஒப்பிட்டால், மூன்றாம் யுகத்து ஸ்மாக் மிகச் சிறியவன். வல்லமை மோதிரங்களை உருக்கும் அளவுக்குப் பழைய நெருப்பு எரியும் டிராகன் எதுவும் இன்று பூமியில் மிஞ்சவில்லை என்று மந்திரவாதி காண்டால்ஃபே, மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவிடம் சொல்கிறார். ஒளிந்துகொண்டது, வாரிசை விட்டது, தேய்ந்துபோனது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஆறாயிரம் ஆண்டுகள் ஒரு விலையை விதித்திருக்கின்றன. உங்கள் அரக்கனும் அந்த விலையைக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது பால்ரோக்கை நான் மறுப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். பழைய வரைவுகளில் பால்ரோக்குகளைப் பெரும்படையாகவே எழுதிய டோல்கீன், பிற்காலத்தில் தம் கைப்பிரதியின் ஓரக்குறிப்பில், மொத்தமே மூன்று, மிஞ்சினால் ஏழுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தார். அவற்றிலும் இரண்டு கோந்தோலின் நகரின் வீழ்ச்சியில் மடிந்தவை, ஒன்று மோரியாவில் இருப்பது. மீதியில் ஒன்றை நீங்கள் எடுப்பதை எந்த விதியும் தடுக்காது. ஆனால் அது மோரியாவின் பால்ரோக்குடைய தனிமையைக் குலைக்கிறது. மேலும், மலையைத் தோண்டினார்கள், நெருப்பு எழுந்தது என்ற கதையை உங்கள் ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக அறிவார்கள். அறிந்த ஒன்றைக் கண்டு யாரும் நடுங்குவதில்லை. 2799-இல் அசனுல்பிசார் போரின் முடிவில் மோரியாவின் வாயிற்படிக்குள் எட்டிப் பார்த்த ‘தாயின்’ என்ற குள்ள வீரன், முகம் வெளிறித் திரும்பினான் என்பதை நினைத்துப் பாருங்கள். அவன் கண்டது இன்னதென்று அவனுக்கே பெயர் தெரியாது. குள்ளர்கள் அதைத் ‘துரினின் அழிவு’ என்று மட்டுமே சொன்னார்கள். முதல் யுகத்தைச் சேர்ந்த ஒன்று பிற்காலத்தில் தரும் அச்சம் அந்தப் பெயரின்மையில்தான் இருக்கிறது. மேசையில் “பால்ரோக்” என்று ஒருவர் சொன்னதுமே அது போய்விடும்.

அதற்குப் பதிலாக முதல் யுகத்து ஓநாயை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. பௌர்ணமியில் உருமாறும் மனிதர்களை நான் குறிப்பிடவில்லை. டோல்கீனின் ஓநாய்ப் பூதங்கள், கொடிய ஆவிகளை, மோர்கோத்தின் தளபதியான சௌரோன் ஓநாய்களின் உடலுக்குள் அடைத்ததால் உண்டானவை. அவற்றுக்கெல்லாம் தந்தையான திராவ்க்லுயினை ஹுவான் என்ற வேட்டைநாய் கொன்றது. மற்றவை ஒவ்வொன்றும் என்னவாயின என்பதற்குத் தனித்தனிக் கணக்கு எழுதப்படவில்லை. உடல் அழிந்தாலும் ஆவி அழியாது என்று நீங்கள் வைத்துக்கொண்டால், உயிர்பிழைத்த காரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அது ஓநாயிலிருந்து ஓநாய்க்குக் குடிபெயர்ந்து வந்திருக்கிறது; ஒவ்வொரு உடலிலும் கொஞ்சம் மங்கி, பழைய எஜமானரின் பெயரைக்கூடப் பாதி மறந்து, பசியை மட்டும் மறக்காமல் இருக்கிறது.

இதற்கு உங்கள் நிலத்திலேயே வேர்களும் இருக்கின்றன. வடக்கே ஃபோரோக்கெல் விரிகுடாவைச் சுற்றியுள்ள கடுங்குளிர், மோர்கோத்தின் ஆட்சிக் காலத்துக் குளிரின் மிச்சம் என்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் பிற்சேர்க்கையே சொல்கிறது. ஹாபிட் என்ற சிற்றுருவ மக்களின் நாடான ஷயரிலிருந்து நூறு லீக்குக்குச் சற்று அதிகமான தூரத்தில்தான் அது இருக்கிறது. அங்கே பதுங்கிக் கிடந்த ஆவி, 2911-இன் கொடுங்குளிர்காலத்தில் பராந்துயின் ஆறு உறைந்து, வெள்ளை ஓநாய்கள் எரியடோருக்குள் இறங்கியபோது அவற்றோடு வந்தது என்று வையுங்கள். உங்கள் ஆட்டம் நடக்கும் 2965-க்கு அது 54 ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி. ஷயரின் ஓரத்திலுள்ள பக்லாந்தின் அபாயக் கொம்பு அந்தக் குளிர்காலத்தில் ஊதப்பட்டதைச் சிறுவயதில் கேட்ட ஹாபிட் பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பழங்கால அரக்கனை உயிருள்ள மனிதரின் நினைவோடு இப்படித் தைத்துவிட்டால், ஆறாயிரம் ஆண்டு என்ற எண் வெறும் எண்ணாக நிற்காது. மற்ற ஓநாய்கள் அந்த வசந்தத்தில் திரும்பிப்போயின. ஒன்று மட்டும் போகவில்லை.

ஆட்ட விதிகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு அறிவுரை சொல்வேன். பழையது என்பதற்காக ‘எண்டூரன்ஸ்’ (தாங்குதிறன்) எண்ணை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அப்படிச் செய்தால் பகடை உருட்டும் நேரம்தான் நீளும். உடலைச் சாதாரண ஓநாய்த் தலைவனின் அளவிலேயே வைத்து, ‘ஹேட்’ (வெறுப்பு) புள்ளிகளை மட்டும் மிக அதிகமாகக் கொடுங்கள். அந்தப் புள்ளிகளைச் செலவழித்தே அது தன் கொடிய திறன்களைப் பயன்படுத்தும் என்பதால், முதிய சித்தமும் இரவல் உடலும் கொண்ட ஒன்றோடு தாங்கள் மோதுகிறோம் என்பது ஆட்டக்காரர்களுக்கு விதிகளின் வழியாகவே புரியும். அதன் குரலைக் கேட்பவர்கள் ‘வேலர்’ (துணிவு) சோதனையில் தோற்றால் ‘ஷேடோ’ (நிழல்) புள்ளிகள் ஏறட்டும். உடலை வீழ்த்திய பிறகு, அடுத்த செஷனில் வேறொரு ஓநாய் தழும்பில்லாத புது உடலோடு, ஆனால் அவர்களை அடையாளம் கண்டுகொண்டு வரட்டும். அந்த ஒரு சந்திப்புக்காக நீங்கள் பல வாரங்கள் காத்திருக்கலாம், காத்திருப்பது வீணாகாது.

அதை நிரந்தரமாக முடிப்பது எப்படி என்ற அறிவைத்தான் இந்தக் கேம்பெய்னின் உண்மையான புதையலாக வைக்கச் சொல்வேன். முதல் யுகத்தைக் கண்ணால் கண்டவர்கள் மூன்றாம் யுகத்தில் மிகச் சிலரே. தாங்கோரோத்ரிம் உடைந்த நாளில் திரண்டிருந்த படைகளை ரிவெண்டெலின் தலைவர் எல்ரோண்ட் நினைவுகூர்கிறார். சாம்பல் துறைமுகத்தில் கிர்தான் என்ற பழம்பெரும் எல்ஃப் இருக்கிறார். அவர்களிடம் போய்ச் சேரவும், கேள்வி கேட்கும் தகுதியைப் பெறவும் உங்கள் நாயகர்கள் உழைக்கட்டும். கிடைக்கும் பதிலும் முழுமையாக இருக்க வேண்டாம். எல்ரோண்டுக்கு அந்த ஆவியின் பழைய பெயர் தெரியும், அது இப்போது எந்த உடலில் இருக்கிறது என்பது தெரியாது; ஃபோரோக்கெலின் லோஸ்ஸோத் மக்களுக்கு அதன் வழித்தடம் தெரியும், பெயர் தெரியாது. இரண்டையும் இணைப்பவர்கள் உங்கள் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். எல்ரோண்ட் நேரில் வந்து வாளை உருவினால் ஆட்டம் அவருடையதாகிவிடும், ஆகவே அவரை ரிவெண்டெலிலேயே இருத்துங்கள்.

உங்கள் நண்பரின் தடைக்கு வருவோம். அவர் காட்டும் அக்கறை மதிக்கத்தக்கது, அவரை மேசையில் எதிராளியாக நினைத்துவிடாதீர்கள். ‘ஆண்டுகளின் கதை’ என்ற காலவரிசையை அவரோடு சேர்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள். 2957-இல், பின்னாளில் அரசனாகப்போகும் ஆரகார்னின் நெடும்பயணங்கள் தொடங்குகின்றன. அதற்கடுத்த பதிவு 2968-இல் ஃப்ரோடோ பிறந்தது. நடுவில் எதுவும் எழுதப்படவில்லை. அந்தக் காலவரிசை அரசர்கள், பெரும்போர்கள், மோதிரம் ஆகியவற்றின் வரலாறு; பிரீ என்ற ஊருக்கு வடக்கே கைவிடப்பட்ட ஒரு பண்ணையில் நால்வர் ஓநாயோடு போராடியதை அதில் யாரும் குறித்துவைக்கப் போவதில்லை. எனவே அவர்கள் வென்றால் எந்தப் பதிவும் உடையாது.

தோற்றாலும் உடையாது என்பது இந்தத் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 3019 ஜனவரி 13 அதிகாலையில், மோரியாவின் மேற்கு வாயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மோதிரத் தோழர்களை (மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட குழுவை) ஓநாய்க்கூட்டம் ஒன்று தாக்குகிறது. காண்டால்ஃப் அதன் தலைவனைச் சௌரோனின் வேட்டைநாய் என்றே அழைக்கிறார். விடிந்து பார்த்தால் ஒரு பிணம்கூடக் கிடைக்கவில்லை. லெகோலாஸ் எய்த அம்புகள், ஒன்றைத் தவிர, சேதமின்றித் தரையில் கிடக்கின்றன. அவை சாதாரண ஓநாய்கள் அல்ல என்பதை நூலே சொல்லிவிடுகிறது. உங்கள் ஆட்டக்காரர்களின் கையிலிருந்து தப்பிய ஆவிக்கு அந்தக் கூட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. இதை மூல நூல் படித்த நண்பரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். கேம்பெய்ன் எப்படி முடிந்தாலும், முடிந்த அன்று அந்த அத்தியாயத்தை அவரையே எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தொடங்குவதற்கு, அடுத்த செஷனில் ஓநாயை எங்கும் காட்ட வேண்டாம். பக்லாந்து விடுதி ஒன்றில், அந்தக் கொம்பை மறுபடியும் ஊதச் சொல்லிப் பல நாட்களாக மன்றாடிக்கொண்டிருக்கும் ஒரு முதியவளை வையுங்கள். ஊரார் அவளைப் பொருட்படுத்துவதில்லை. நாயகர்கள் பொருட்படுத்துகிறார்களா என்று பாருங்கள்.