குட்டி நாய்தானே, டி.டி. போட்டாச்சே என்று இருந்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. மூன்று நாளைக்கு முன்பு தெருவில் விளையாடும்போது ஒரு குட்டி நாய் கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து லேசாக ரத்தம் வந்தது. மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். மெடிக்கல் ஷாப்பில் டி.டி. ஊசி போட்டுவிட்டு, "ரெண்டு மாசக் குட்டிக்கு விஷம் இருக்காது, பத்து நாள் நாயைப் பாருங்க, நல்லா இருந்தா ஒண்ணும் வேணாம்" என்றார்கள். அதே குட்டி என் மகனையும் ரத்தம் வரப் பிராண்டியிருக்கிறது. அவனுக்கு இரண்டு வருடம் முன்பு வேறொரு நாய் கடித்து ஊசி எல்லாம் போட்டோம். இனிமேல் மகளுக்கு ஊசி போட்டுப் பயன் உண்டா? மகனுக்கும் முதலிலிருந்து போட வேண்டுமா? தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று யாரோ சொல்லி, அவள் அழுகிறாள்.
— விழுப்புரம் பக்கமிருந்து ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பார்த்ததுமே இரண்டு வரி பதில் அனுப்பிவிட்டேன்: "இரண்டு பிள்ளைகளையும் இன்றே ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்." காரணங்களை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து மாதம் தவறாமல் வருகிறது.

முதலில் டி.டி.யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் கோபமே அதில்தான். டி.டி. ஊசி வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுப்பது. வெறிநாய்க்கடிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாய்க்கடிக்கு அதையும் போடுவது சரிதான், ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு "ஊசி போட்டாச்சு" என்று வீட்டுக்கு அனுப்புவது ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. அம்மாவுக்கு மனசு ஆறிவிடும், யாரும் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டார்கள். நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில், தண்ணீர் டம்ளரைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொண்டு துடித்த ஒரு பையனைத் தகப்பனார் தூக்கிக்கொண்டு வந்தார். "கடிச்ச அன்னைக்கே ஊசி போட்டோமே சார்" என்றார். போட்டது டி.டி. அந்தப் பையனுக்கு எங்களால் செய்ய முடிந்தது எதுவுமே இல்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் இந்த நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. ஆகவே யார் ஊசி போட்டாலும் "இது டி.டி.யா, நாய்க்கடி ஊசியா?" என்று வாய் திறந்து கேளுங்கள். சீட்டில் ஏ.ஆர்.வி. (வெறிநோய்த் தடுப்பூசி) என்று எழுதியிருக்க வேண்டும்.

மூன்று நாள் ஆகிவிட்டதே என்று தவிக்கிறீர்கள். தாமதம்தான், ஆனால் காலம் கடந்துவிடவில்லை. இந்தக் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடித்த இடத்துத் தசையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறும். பெரும்பாலும் நோய் தெரிய ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்தால் வழி குறைவு, அதனால் சீக்கிரம் போய்ச் சேரும். காலில் கடித்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால் எத்தனை நாள் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் மூன்று நாள் ஆனாலும் முப்பது நாள் ஆனாலும், ஊசி போடாதவர் இன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். காலில் ஒட்டியிருக்கும் பற்றை நனைத்து எடுத்துவிட்டு, குழாயடியில் வைத்து, சோப்பு நன்றாக நுரைக்கப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும். பிள்ளை சிணுங்கினால் நாம் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவோம். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கு போவதுபோல சோப்பில் அது கரைந்து கிருமி செத்துப்போகும். துணி சோப்பு, குளியல் சோப்பு எதுவானாலும் சரி. மூன்று நாள் கழித்துக் கழுவுவதிலும் பயன் உண்டு. கழுவியபின் பெட்டாடின் போடலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், கள்ளிப்பால் எதுவும் வேண்டாம். எரிச்சல் தரும் பொருள் கிருமியை உள்ளே தள்ளும், புண்ணையும் கெடுக்கும். கட்டும் போட வேண்டாம். பெரிய காயமாக இருந்தால்கூட உடனே தையல் போட நாங்கள் தயங்குவோம். உங்கள் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள், அவர் பேத்தி மேலுள்ள பாசத்தில் செய்தது. அடுத்த முறை சோப்பு என்று மட்டும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

குட்டி நாய்க்கு விஷம் இருக்காது என்பது தவறு. வெறி பிடித்த தாய் நாயோ வேறு நாயோ குட்டியைக் கடித்திருந்தால் குட்டிக்கும் வரும். தவிர, நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதே சுமார் மூன்று மாத வயதில்தான். இரண்டு மாதக் குட்டி என்றால் அதற்கு ஊசி போட்டிருக்கவே வாய்ப்பில்லை.

பத்து நாள் நாயைப் பார்ப்பது என்ற பேச்சு பாதி உண்மை. நாயோ பூனையோ எச்சிலில் கிருமியோடு கடித்திருந்தால் அது பத்து நாளுக்குள் நோயுற்றுச் செத்துவிடும். ஆனால் நம் ஊரில் ஊசியை முதலில் தொடங்கிவிட்டுத்தான் நாயைப் பார்க்க வேண்டும். பத்தாம் நாளும் குட்டி நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். ஊசி போடாமல் காத்திருந்து, எட்டாம் நாள் குட்டியைக் காணவில்லை என்றால் யாரைக் கேட்பீர்கள்? தெருக்குட்டி எந்த வண்டியில் அடிபட்டது, யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மகளுக்கு என்ன போடுவார்கள் என்று சொல்கிறேன். தொப்புளைச் சுற்றிப் போட்டது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. அது கைவிடப்பட்டு இருபது வருடமாகிறது. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு அந்தக் காலத்தில் நாய்க்கடிக்காரர்கள் மலையேறிப் போன கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கலாம். அந்தப் பயம்தான் இன்னும் தலைமுறை தாண்டி வருகிறது. இப்போது அரசு மருத்துவமனையில் இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் ஒரு சொட்டு அளவு போடுவார்கள், கொசு கடித்த மாதிரி தடித்து அடங்கிவிடும். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். நான்கே நடை. தனியாரில் தசையில் போடும் முறைதான் அதிகம், அது ஐந்து ஊசி. புட்டத்தில் மட்டும் போட விடாதீர்கள். அங்கே கொழுப்பில் மருந்து தங்கிச் சரியாக வேலை செய்யாது.

இந்த ஊசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பாதுகாப்பு வேண்டுமே, அதற்குத்தான் சீரம், அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள். இம்யூனோகுளோபுலின் என்று எழுதுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் கடி, சீரம் கட்டாயம். உங்கள் மகளுக்கு ரத்தம் வந்திருக்கிறது. குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் 20. இருபது கிலோ பிள்ளைக்கு 800 அல்லது 400 யூனிட் வரும். அதைக் கடிவாயிலேயே, பல் பதிந்த இடத்தைச் சுற்றி இறக்க வேண்டும். வலிக்கும், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூட வேண்டும். முதல் ஊசி போடும் அன்றே சீரத்தையும் போட்டுவிடுவது நல்லது, அதிகபட்சம் முதல் ஊசியிலிருந்து ஏழு நாள்.

இங்கேதான் நம் ஏற்பாடு மக்களைக் கைவிடுகிறது. ஊசி ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது, இலவசம். சீரம் பல இடங்களில் இருப்பதில்லை. இல்லை என்று சொல்லி, எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, அங்கே ஒரு போன் செய்து அனுப்பினால் பரவாயில்லை. பல நேரம் சீரம் என்ற பேச்சே எடுக்காமல் கையில் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பாமர ஜனங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எப்படிக் கேட்பார்கள்? இன்னொன்று, ஊசி மருந்துக் குப்பி ஒன்றைக் கலக்கினால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் "ஆள் சேரட்டும், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவதை நானே பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். கூலி வேலையை விட்டு வந்தவர் நாளைக்கு வர மாட்டார். நீங்கள் நகராமல் நின்று கேளுங்கள்: "ரத்தம் வந்த கடி. சீரம் இங்கே உண்டா? இல்லையென்றால் எங்கே போக வேண்டும், சீட்டில் எழுதிக் கொடுங்கள்." மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ கிடைக்கும். 104-க்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் "உள்ளே ஸ்டாக் இல்லைம்மா, தெரிஞ்ச இடம் இருக்கு, வாங்க" என்று ஒருவர் நிற்பார். அவர் பின்னால் போகாதீர்கள். கமிஷனுக்காக நிற்கிறவருக்கு ஸ்டாக் எப்படித் தெரியும்? உள்ளே போய் நீங்களே கேளுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் நிலை வந்தால், ஐஸ் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலில் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோனால் காசும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

வேர் கொடுப்பவர்களைப் பற்றியும் கேட்பார்கள். "எங்க ஊர்ல ஒருத்தர் வேரும் பத்தியமும் கொடுத்து எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கார்" என்பார்கள். கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி இருக்காது. அவற்றிடம் கடிபட்டவர்கள் எதுவும் சாப்பிடாமலேயே பிழைத்திருப்பார்கள், பெயர் வேருக்குப் போகிறது. உண்மையிலேயே வெறிநாய் கடித்தவர் இரண்டு மாதம் கழித்து எங்கள் வார்டில் இறந்தது வேர் கொடுத்தவர் காதுக்குப் போவதில்லை. கத்தரிக்காய், கருவாடு தள்ள வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைக்கு வழக்கமான சாப்பாடே கொடுங்கள்.

இப்போது மகன். ஏற்கெனவே முழுதாக ஊசி போட்டவனுக்கு மறுபடி கடி பட்டால் இரண்டே ஊசி: இன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. சீரம் வேண்டாம், ரத்தம் வந்திருந்தாலும் வேண்டாம். அவன் உடம்பு பழைய ஊசியை மறக்கவில்லை, ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துவிடும். ஆனால் "முழுதாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. "ஊசி எல்லாம் போட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் என்றால் எத்தனை? அதிலும் டி.டி. கலந்திருக்கிறதா? 28-ஆம் நாள் ஊசிக்குப் போனீர்களா? புண் ஆறிவிட்டது, பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அந்தக் கடைசி ஊசியை விட்டவர்கள் ஏராளம். அப்போது கொடுத்த அட்டையைத் தேடி எடுங்கள். அதில் ஏ.ஆர்.வி. என்றும், ஒவ்வொரு தேதிக்கும் நேரே கையெழுத்தும் இருந்தால் அதையே காட்டுங்கள். தேதி விட்டுப் போயிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கணக்குப் பார்ப்பார். அட்டை தொலைந்து, எண்ணிக்கையும் நினைவில்லை என்றால், போடாதவன் என்றே வைத்து முதலிலிருந்து போட வேண்டும், சீரத்தோடு. மாறாக, அட்டை கையில் தெளிவாக இருந்தும் ஒரு தனியார் இடத்தில் ஐந்து ஊசியும் விலையுயர்ந்த சீரமும் எழுதினால், "ஏற்கெனவே போட்டவனுக்கு இரண்டுதானே?" என்று கேளுங்கள். அட்டையைத் தொலைத்ததால் பிள்ளைக்கு வீண் வலியும் குடும்பத்துக்கு வீண் செலவும் வைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

நாள் கணக்கில் குழப்பம் வரும். கடித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். திங்கட்கிழமை போட்டால் வியாழன் இரண்டாவது, அடுத்த திங்கள் மூன்றாவது, அங்கிருந்து மூன்று வாரம் கழித்து வரும் திங்கள் கடைசி. மகனுக்கு அந்தத் திங்களும் வியாழனும் போதும். ஞாயிறோ விடுமுறையோ வந்து ஓ.பி. மூடியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் அந்தக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சிய மற்ற பிள்ளைகள் யார் யார் என்று மகளிடம் கேளுங்கள். யாருக்காவது பல் பட்டிருந்தால், நகம் கீறியிருந்தால், புண்ணில் அது நக்கியிருந்தால், அவர்கள் வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள். அடிப்பார்கள் என்று பயந்து பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.